வெளிக்கோள் தூதர் வேஷம், 3 காட்சி, 11 நிமிஷம்: முகமூடியா, தலைக்கட்டா?

மாட்டுங்கா_மேடை எழுதியது:

வணக்கம். ஆகஸ்டில் மும்பையில் மேடையேறப்போகும் தமிழ் ஸ்பேஸ் ஓபரா (விண்வெளிச் சாகச) நாடகம் ஒன்றுக்கு உதவி வேணும். மூணு பாகக் கதை, இது ரெண்டாம் பாகம். ‘ழவூன்’ என்ற கோளின் தூதராக ஒருத்தர் வர்றார். சின்ன வேஷம்தான்: 3 காட்சி, மொத்தம் 11 நிமிஷம். முதல் காட்சியில் பூமிக் கூட்டமைப்பின் தலைவரிடம் நியமனக் கடிதம் கொடுக்கிறார். ரெண்டாவதில் அவர் கொண்டுவந்த பையைக் கப்பல் காவலர்கள் பிரிச்சுப் பார்க்கணும்னு மறிக்கிறாங்க. மூணாவதில் போர் எச்சரிக்கை. மேடை முழுக்கச் சிவப்பு விளக்கு, தளபதி அவரைக் கைது பண்றார்.

முழுத்தலை லேடெக்ஸ் முகமூடி ஒண்ணு வார்த்தாச்சு. பிளாஸ்டர் அச்சு, உள்ளே பெட்ரோலியம் ஜெல்லி தடவி, தடிமனா 3 பூச்சு. 9 நாள் ஆகியும் கையில் பிசுபிசுன்னு ஒட்டுது. கொம்பு ரெண்டும் தெர்மாக்கோல், நீளம் 28 செ.மீ. நடிகர் தலையைத் திருப்பினா கொம்பு அரை நொடி கழிச்சுத்தான் வந்து நிக்குது. அஞ்சாவது வரிசைக்கு மேல் குரல் புரியலை. முகம் பச்சை. தலைச் சுற்றளவு 57 செ.மீ., கண்ணாடி போடாதவர். பட்ஜெட் 7,000 ரூபாய். எல்லாத்தையும் லோக்கல் ரயிலில்தான் கொண்டுபோகணும்.

இன்னொண்ணு. ஒத்திகை பார்த்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க: தூதர் மாதிரி இல்லை, தபால் கொடுக்க வந்தவர் மாதிரி இருக்கார்னு. இதை எப்படிச் சரி பண்றது?


செம்பூர்_பட்டறை எழுதியது:

முதல்ல அந்த முகமூடியை ஒதுக்கி வைங்க. அது இனிமே காயாது.

காரணம் பெட்ரோலியம் ஜெல்லி. பிளாஸ்டர் அச்சு லேடெக்ஸில் இருக்கிற தண்ணியை உறிஞ்சித்தான் அதைக் கெட்டியாக்குது. ஜெல்லி தடவினா அந்தத் துளையெல்லாம் அடைஞ்சுபோகும். அதுக்கு மேல, பெட்ரோலிய எண்ணெய் எதுவானாலும் இயற்கை ரப்பரை ஊதவெச்சு இளக்கிடும். நாள் ஆக ஆக இன்னும் மோசமாகும். லேடெக்ஸுக்குப் பிளாஸ்டர் அச்சில் எதுவுமே தடவ வேண்டாம். காஞ்ச பிறகு டால்க் பவுடர் தூவிக்கிட்டே உரிச்சா வந்துடும். தடிமனா 3 பூச்சு என்பதும் தப்பு. மேல்தோல் மூடிக்கிட்டா அடியில் ஈரம் மாட்டிக்கும், மும்பை மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். மெல்லிசா 6 முதல் 8 பூச்சு. பால் வெள்ளை போய்த் தேன் நிறம் வந்த பிறகுதான் அடுத்தது.

ஆனா நீங்க திரும்ப முகமூடி வார்க்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இந்த ஆளுக்கு மேடையில் இருக்கிற வேலை ஒண்ணே ஒண்ணுதான், பேசறது. துப்பாக்கி கிடையாது, சண்டை கிடையாது. தூதன்னா வாய். அந்த வாயையும் கன்னத்தையும் ரப்பரால் மூடினா வேஷத்தையே மூடினதா ஆகும். கதகளிச் சுட்டியைப் பாருங்க: தாடையைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டி முகத்தைப் பெருசாக்கிட்டு, கண்ணையும் வாயையும் நடிக்க விட்டுடறாங்க. தெருக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்யறது கனம் குறைய. விடிய விடியப் பாடணுமே! அதனால புருவத்துக்கு மேலேயும் காதுக்குப் பின்னாலேயும் என்ன வேணும்னாலும் கட்டுங்க. புருவத்துக்குக் கீழே வெறும் ஒப்பனை போதும்.

செய்முறை சொல்றேன்.

கட்டட வேலைக்குப் போடற சேஃப்டி ஹெல்மெட்டின் உள்பட்டையை மட்டும் வாங்குங்க, பின்னால் திருகி இறுக்கற ராட்செட் வகை. நாக்தேவி தெருப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். தனியா தரலைன்னா முழு ஹெல்மெட்டே வாங்கிக் கழட்டிக்கலாம். இதுதான் தலைக்கட்டின் எலும்பு. தலைக்கும் மேலே வர்ற ஃபோம் கூட்டுக்கும் நடுவே காத்து போகும், வேற நடிகர் போட்டாலும் திருகினா சரியா உட்காரும், மண்டையும் கொஞ்சம் உயரமாத் தெரியும், அது வேஷத்துக்கு நல்லதுதான்.

பட்டையை நடிகர் தலையில் மாட்டி, அதுக்கு மேலே கிளிங் ராப் ரெண்டு சுத்து, அதுக்கு மேலே மாஸ்க்கிங் டேப் மூணு அடுக்கு. மூக்கு, வாய் பக்கமே போகக் கூடாது. புருவக் கோட்டோடு நிறுத்திடுங்க. மார்க்கரால் நடுக்கோடு, புருவக் கோடு, காதுக் கோடு போட்டு, பின்பக்கம் வட்டமுனைக் கத்தரியால் வெட்டிக் கழட்டுங்க. நடுக்கோட்டில் ரெண்டாப் பிளந்து, தட்டையா படியாத இடத்தில் முக்கோணமா கீறினா பேட்டர்ன் ரெடி.

இதை 5 மி.மீ. ஈவிஏ ஃபோமில் (செருப்பு அடி மாதிரி மெத்துன்னு இருக்கிற ஷீட்) வரையும்போது சுற்றளவில் 16 மி.மீ. கூட்டணும். ரொம்பப் பேர் இதை விட்டுட்டு, அப்புறம் நெத்தியைப் பிடிக்குதுன்னு சொல்றாங்க. ஷீட் வளையும்போது அதோட நடுப்பகுதி தலையிலேருந்து 2.5 மி.மீ. தள்ளி நிக்கும், அதை 2π-ஆல் பெருக்குங்க, 15.7 வரும். கட்டரில் புது பிளேடு போடுங்க, சாய்க்காம நேரா வெட்டுங்க. மழுங்கின பிளேடு ஃபோமைக் கடிச்சு இழுக்கும், அந்த ஓரம் ஒட்டவே ஒட்டாது.

ஒட்டறதுக்கு ரப்பர் பேஸ் கான்டாக்ட் பசை. ரெண்டு ஓரத்திலும் மெல்லிசா தடவி 10, 15 நிமிஷம் விடுங்க. விரல் வெச்சா ஒட்டக் கூடாது, அப்பதான் சேர்க்கணும். ஒரு தடவை தொட்டா தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால நடுவில் ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போங்க. ஜன்னலைத் திறந்து வெச்சுச் செய்யுங்க. பசை முழுசா காயறதுக்கு முன்னாடி ஹீட் கன்னைக் கிட்டே கொண்டுவராதீங்க, அந்த ஆவி தீப்பிடிக்கும். இதே பசை தெர்மாக்கோலை உருக்கிடும், அதனால பழைய கொம்பை இதில் ஒட்டவே முடியாது.

கொம்பு. 28 செ.மீ. நீளம் இருக்கட்டும், ஆனா உள்ளே வெத்தா இருக்கணும். அடி விட்டம் 7 செ.மீ.ன்னா சுற்றளவு 22. நாலு துண்டா வெட்டினா ஒவ்வொண்ணும் அடியில் 5.5 செ.மீ., நுனியில் கூர்மை. பின்னால் வளையணும்னா வெளிப்பக்கத் துண்டு 32, உள்பக்கத் துண்டு 24, பக்கவாட்டுத் துண்டு ரெண்டும் 28. ஒட்டும்போது தானே வளைஞ்சு வரும்.

ஆட்டத்துக்குக் காரணம் கொம்போட கனம் மட்டும் இல்லை, அடியும்தான். பிடிமானம் மெத்துன்னு இருந்தா எந்தக் கொம்பும் ஆடும். கூட்டின் உள்பக்கம் 9 செ.மீ. வட்டமா 3 மி.மீ. சன்போர்டு (விறைப்பான பிளாஸ்டிக் ஃபோம் பலகை) ஒட்டுங்க. அதில் எலெக்ட்ரிக் வேலைக்குப் போடற 20 மி.மீ. பிவிசி கான்ட்யூட் கப்ளர் ஒண்ணை நிறுத்தி எபாக்ஸி புட்டியால் சுற்றிக் கட்டுங்க. கொம்புக்குள்ளே அதே 20 மி.மீ. பைப் 12 செ.மீ. விட்டு, அடியில் 3 செ.மீ. வெளியே நீட்டி வைங்க. கப்ளருக்குள் சொருகி, குறுக்கே ஒரு 4 மி.மீ. போல்ட், காது நட்டு. கொம்பு கழண்டு வந்துடும். லோக்கலில் லக்கேஜ் டப்பா தேட வேண்டாம், தோள் பைக்குள்ளேயே அடங்கும். காந்தம் வைக்கலாம்னு யாராவது சொல்வாங்க. நேரா இழுத்தா பிடிக்கும், பக்கவாட்டில் வழுக்கும். தலை திருப்பறது பக்கவாட்டு விசைதான்.

ஹீட் கன்னை ஃபோம் மேலே 10, 15 செ.மீ. தள்ளி ஓட்டுங்க. மங்கலா இருக்கிறது லேசா மினுங்கும், அந்த நொடியே நகரணும். அதுக்கு மேலே போனா சுருங்கிக் குழி விழும். அப்புறம் லேடெக்ஸ் 4 பூச்சு. வெள்ளை மரப்பசை அடிக்கிறது மலிவுதான், ஆனா ஆகஸ்ட் ஈரத்தில், வேர்வையில், அது திரும்ப இளகிப் பிசுபிசுக்கும். பெயின்ட் அடிக்கும்போது அக்ரிலிக்கைத் தனியா பூசாதீங்க, லேடெக்ஸ் வளையும்போது வெடிச்சு உதிரும். லேடெக்ஸிலேயே கலந்து பூசுங்க. காஞ்சா நிறம் ஒரு படி அடர்த்தியாகும், அதனால வெளிறலா கலக்கணும்.

நெத்தி விளிம்புதான் வேஷம் கலையற இடம். ஃபோம் ஓரத்தைப் பிளேடால் சீவிச் சரிவாக்குங்க. அது தோலில் ஒட்டற கோட்டை மறைக்க வெளிநாட்டுப் பசையெல்லாம் தேவையில்லை. பரதநாட்டிய நெத்திச்சுட்டி இருக்கே, அதே இடத்தில் உலோகச் சங்கிலி ஒண்ணு. தலையின் ரெண்டு பக்கமும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை இருக்கிற இடத்தில் ரெண்டு தட்டு. தூதருக்குப் பட்டமும் ஆச்சு, விளிம்பும் மறைஞ்சாச்சு. தட்டில் பொன் பெயின்ட் அடிக்காதீங்க, மங்கின வெள்ளி வைங்க. பழசா தெரியணும்.

காதை மூடாதீங்க, கூடு காதுக்கு மேலேயே நிக்கட்டும். காது மறையணும்னா கறுப்பு நெட் துணி தொங்கவிடுங்க. ஃபோமால் மூடினா எதிர் நடிகரோட வசனம் அடங்கிக் கேட்கும், இவர் தன் வசனத்தை எடுக்கற இடத்தைத் தவறவிடுவார். கழுத்துக்கு மேலே ராட்செட் திருகைத் தொட 4 செ.மீ. திறப்பு விடணும். எல்லாம் முடிஞ்சு சமையல் தராசில் வெச்சுப் பாருங்க. 600 கிராமைத் தாண்டினா எங்கேயோ தேவையில்லாம புட்டி போட்டிருக்கீங்க.

லேடெக்ஸ் அலர்ஜி இருக்கிறவங்க உண்டு. முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்க்காம தலைக்கு ஏத்தக் கூடாது.


ஒளிப்பெட்டி_முலுண்டு எழுதியது:

செம்பூர்க்காரர் சொன்னதில் ஒண்ணு விட்டுப்போச்சு. மூணாம் காட்சி சிவப்பு. முகம் பச்சை. சிவப்பு ஒளியில் பச்சை மை கறுப்பாயிடும். பச்சைக்குத் திருப்பி அனுப்ப அங்கே பச்சை ஒளியே இல்லையே. தூதரைக் கைது பண்ணும்போது மேடையில் ஒரு கறுப்பு ஓட்டைதான் தெரியும். அவர் முகத்தைப் பார்க்கவேண்டிய காட்சியே அதுதான்.

ரெண்டு வழி. முன் விளக்கை நடுநிலை வெள்ளையில் 30, 40 சதவீதம் அவர் மேலே மட்டும் வெச்சுட்டு, சிவப்பைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடிங்க. சபைக்கு மேடை சிவப்பாத்தான் தெரியும், முகமும் நிக்கும். அந்த அளவு விளக்கு கையில் இல்லைன்னா தோல் நிறத்தை மாத்துங்க: மஞ்சள் கலந்த காவி, செம்பு மாதிரி. சிவப்பில் அது வெளிறித் தெரியும், கறுக்காது. ஆனா சுருக்கம், கண் கோடு எதையும் சிவப்பிலோ மெரூனிலோ வரையாதீங்க, சிவப்பு ஒளியில் அத்தனையும் காணாமப் போகும். அடர் பச்சை இல்லைன்னா கரும்பழுப்பு. நான் காவிக்கே ஓட்டு போடுவேன், பச்சை மனுஷன் நிறையப் பார்த்தாச்சு.

முகத்துக்குத் தண்ணி தொட்டுப் பூசற கேக் மேக்கப். துணிச் சாயம், அக்ரிலிக், ஹோலிப் பொடி எதுவும் தோல் மேலே வேண்டாம். பவுடரைத் தேய்க்காம ஒத்தி எடுங்க. தலைக்கட்டு நிறமும் முக நிறமும் பகல் வெளிச்சத்தில் பொருந்தினா போதாது. அரங்கத்து விளக்கில், 10 மீட்டர் தள்ளி நின்னு, கண்ணால் பாருங்க. ஃபோன் கேமரா வெள்ளைச் சமநிலையைத் தானே திருத்திக்கும், அதை நம்பி நிறம் முடிவு பண்ணாதீங்க.

மைக் பத்தியும் சொல்லிடறேன். கன்னத்தில் ஒட்டற மைக் இந்த வேஷத்துக்கு வேண்டாம், ஒப்பனையும் வேர்வையும் சேர்ந்து வழுக்கும். நெத்திச்சுட்டிக்கு அடியில், சங்கிலி உரசாதபடி, மைக் முனையை 1 செ.மீ. கீழே எட்டிப்பார்க்க வைங்க. ஒயரைக் கூட்டின் உள்ளே ரெண்டு இடத்தில் டேப் போட்டு நிறுத்துங்க. ஃபோம் ஒயரில் உரசினா கரகரன்னு கேட்கும்.

குரல் மாத்தற கருவி எதுவும் வேண்டாம். புளூடூத்தில் போற ஒலி பெரும்பாலும் 100 மில்லி நொடிக்கு மேலே தாமதமாகும். தன் குரலே தாமதமா திரும்பிக் கேட்டா பெரும்பாலானவங்களுக்கு நாக்கு தடுமாறும்.


தூதுவளை எழுதியது:

வேடத்தைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். ‘தபால் கொடுக்க வந்தவர்’ என்ற குறைக்கு வருகிறேன். அந்தப் பார்வையாளர்கள் சொன்னது மிகச் சரியான விமர்சனம். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தூதுவரை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். உங்கள் தூதர் இப்போது இரண்டாம் வகை. மேடையில் அந்த வகைக்கு உயிர் கிடையாது.

இத்தனைக்கும் உங்கள் கதையில் அவர் முதல் வகையாகத்தான் இருந்தாக வேண்டும், இயற்பியல் அப்படி. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ழவூன் அங்கே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்டுப் பதில் வாங்க எட்டரை ஆண்டு ஆகும். ஒளியைவிட வேகமான செய்தி உங்கள் கதையில் உண்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இல்லை என்றால், அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் ழவூனின் வாக்குறுதி. திரும்பப் பெற முடியாது. இதைத் தலைவர் வாயால் ஒரே வரியில் முதல் காட்சியில் சொல்ல வைத்தால், மிச்சப் பத்து நிமிடமும் சபை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்து நடைமுறை. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைதான் இன்றைய தூதரக உறவுகளுக்கு அடிப்படை. உங்கள் மூன்று காட்சியும் அதன் மூன்று இடங்களைத் தொடுகின்றன. கதைக்காக விதியை மீறலாம். மீறுவது தெரிந்து மீறினால் அதுவே நாடகம்.

முதல் காட்சி. அவருடையது ‘சின்ன வேஷம்’ என்கிறீர்கள், ஆனால் கடிதத்தை நாட்டுத் தலைவரிடம் கொடுக்கிறார். 14ஆம் பிரிவின்படி முழுநிலைத் தூதர் நாட்டுத் தலைவரிடம் அனுப்பப்படுகிறார். பொறுப்புத் தூதர் என்னும் கீழ்நிலைத் தூதர் வெளியுறவு அமைச்சரிடம் அனுப்பப்படுகிறார். ஆகவே ஒன்று, அவரை முழுத் தூதராக்குங்கள். அல்லது, எனக்குப் பிடித்தது இது: அவர் பொறுப்புத் தூதர், தலைவரைப் பார்க்கவே உரிமை இல்லாதவர், அமைச்சரின் அறையில் நின்றுகொண்டு தலைவருக்குக் கேட்கும்படி பேச வேண்டியவர். சின்ன வேடத்தின் சின்னத்தனமே கதைக்குள் வந்துவிடுகிறது. முழுத் தூதராகவே வைத்தால் கடிதம் இரண்டு: அசலின் நகல் முன்கூட்டியே வெளியுறவு அமைச்சகத்துக்குப் போய்விடும், முத்திரையிட்ட அசல் தலைவர் கையில். கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டட்டும். தலைவர் வாங்கிய கணத்தில் பேச்சு நிற்கட்டும். மூன்று எண்ணும் வரை யாரும் அசையக் கூடாது. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தூதர் கொடுத்த பிறகுதான் அங்கே இருக்கவே தொடங்குகிறார்.

இரண்டாம் காட்சி. 27ஆம் பிரிவு: தூதரகப் பையைத் திறக்கவோ தடுத்து வைக்கவோ கூடாது. பைக்கு வெளியே தெரியும்படி அடையாளம் இருக்க வேண்டும். உள்ளே அலுவல் ஆவணமும் அலுவலுக்கான பொருளும் மட்டும். அளவு வரம்பு எதையும் உடன்படிக்கை சொல்லவில்லை. ஆக, பை பெரிதாக இருக்கட்டும், ஆள் உயரத்துக்கே இருக்கட்டும். வாயில் அரக்கு முத்திரை ஒன்று, கடைசி வரிசைக்கும் தெரியும் அளவில், 6 செ.மீ. விட்டம். காவலர் கை அந்த முத்திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கும்போது தூதர் பேச வேண்டும்.

என்ன பேச வேண்டும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. புறநானூற்றின் 95ஆம் பாடலில், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் தொண்டைமானின் ஆயுதங்களை அழகாக இருக்கின்றன என்று புகழ்கிறார். அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். யார் போர்க்களம் பார்த்தவர் என்பது கேட்டவருக்குப் புரிந்திருக்கும். மிரட்டல் சொல் ஒன்றுகூட இல்லை. உங்கள் தூதரும் காவலரின் புது உடையைப் பாராட்டட்டும், அதில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை என்று வியக்கட்டும். பிறகு தன் கப்பல் துறைமுகத்துக்கு வர ஏன் தாமதமானது என்று மன்னிப்புக் கேட்கட்டும்: ‘ஓட்டை அடைக்க ஆள் போதவில்லை.’

மூன்றாம் காட்சி. 29ஆம் பிரிவு: தூதரைக் கைது செய்யவோ காவலில் வைக்கவோ கூடாது. 9ஆம் பிரிவின்படி, காரணம் சொல்லாமலே ‘ஏற்கத்தகாதவர்’ என்று அறிவித்து அவரைத் திருப்பி அனுப்பலாம். போரே மூண்டாலும் அவர் வெளியேற வசதி செய்து தர வேண்டும் என்பது 44ஆம் பிரிவு. எனவே தளபதி கைது செய்தால் அது சாதாரணக் கைது அல்ல, போர் அறிவிப்பு. மேடையில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். தளபதியின் உதவியாளர் ஒரு அடி பின்வாங்கினாலே போதும்.

கடைசியாக வசனம். வேற்றுக்கோள் மொழி என்று காட்ட, உடைந்த தமிழ் பேச வைக்காதீர்கள். தூதருக்கு அது இழுக்கு. தமிழில் வேறொரு கருவி இருக்கிறது: நாங்கள், நாம். முதல் இரண்டு காட்சியிலும் அவர் ‘நாங்கள்’ மட்டுமே சொல்லட்டும். ‘எங்கள் கோள் உங்கள் நலம் விசாரிக்கிறது.’ ‘நாங்கள் பையைத் திறப்பதில்லை.’ கையில் விலங்கு விழும் நொடியில் முதன்முறையாக: ‘நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை, தளபதி.’ அந்த ஒரு சொல்லில் எதிரியையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டுவிட்டார். இந்தச் சொல் அதற்கு முன் எங்கேயும் தவறி வந்துவிடக் கூடாது. பிரதியில் தேடி நீக்குங்கள். திரையில் மொழிபெயர்ப்பு ஓடுகிறது என்றால் மராத்தியில் ‘ஆம்ஹி’, ‘ஆபண்’ என்று இதே வேறுபாடு கிடைக்கும். இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’தான், ஆகவே அங்கே ‘நீங்களும் நானும்’ என்று விரித்து எழுத வேண்டும்.

‘ழவூன்’ நல்ல பெயர். தமிழில் ழகரம் சொல்லின் முதலில் வராது, அதனால் கேட்ட உடனே இது நம் ஊர்ப் பெயர் இல்லை என்று காதுக்குத் தெரிந்துவிடும்.


மாட்டுங்கா_மேடை எழுதியது:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. பொறுப்புத் தூதர் யோசனையை எடுத்துக்கறோம், முகம் காவி. பழைய முகமூடியைக் கழிச்சாச்சு.

ரெண்டு சந்தேகம். நடிகர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ‘ழவூன்’ என்பது ‘லவூன்’னு வருது. வேகமா பேசினா ‘யவூன்’. பெயரை மாத்திடலாமா? அப்புறம், வேற்றுக்கோள் பல்வரிசை ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோம், அதைப் போடலாமா?


தூதுவளை எழுதியது:

பெயரை மாற்ற வேண்டாம், ஐந்து வாரம் இருந்தால் போதும். ‘அ’ என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரலை நிறுத்தாமலே நாக்கு நுனியை மெல்லப் பின்னோக்கி மடக்க வேண்டும், அண்ணத்தைத் தொடக் கூடாது. தொடாமல் நிற்கும் இடத்தில் வருவதுதான் ழ. தொட்டுவிட்டால் ள. மராத்தியில் ‘ள’ இருப்பதால் அவர் நாக்குக்கு மடங்கத் தெரியும்; தொடாமல் நிறுத்துவதுதான் புதிது. ‘லவூன்’ என்றால் நுனி பல்லுக்குப் பின்னால் போகிறது. ‘யவூன்’ என்றால் நுனி மடங்கவே இல்லை, நடு நாக்கு மட்டும் எழும்புகிறது.

நேராக ‘ழவூன்’ என்று தொடங்க வேண்டாம், முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துப் பழகட்டும்: ‘அழவூன்’, ‘அழவூன்’. ஒரு வாரம் கழித்து அந்த ‘அ’வைச் சத்தமில்லாமல் மனதுக்குள் மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். ‘வாழைப்பழம்’ பயிற்சி பிறகு வரலாம். அதில் ழ நடுவில் இருப்பதால் எளிது, முதல் எழுத்தாக வரும்போதுதான் கடினம்.


செம்பூர்_பட்டறை எழுதியது:

பல்வரிசை வேண்டாம். மேல் பல்லுக்குப் பின்னால் 2 மி.மீ. தடிச்சாலே நாக்குக்கு அளவு தப்பும். ‘த’, ‘ல’, ‘ற’ மழுங்கும், எச்சில் கூடும். ழ இப்பதான் பழகறார், அதையும் கெடுக்கும். பல் வித்தியாசமா தெரியணும்னா நடிகர்களுக்குன்னு விக்கிற பல் வண்ணத்தில் கோரைப்பல் ரெண்டை மட்டும் கறுப்பாக்குங்க. நகச்சாயம், மார்க்கர் எதுவும் கூடாது.

தலைக்கட்டை அடுத்த வாரமே முடிச்சு, ழ பயிற்சியைத் தலைக்கட்டோடேயே பண்ணச் சொல்லுங்க. கனம் ஏறினா கழுத்து முன்னால் போகும், தாடை இறுகும், வெறும் தலையோடு வந்த ழ மேடையில் வராது. முதல் நாள் 15 நிமிஷம், அப்புறம் தினமும் 5 நிமிஷம் கூட்டுங்க. கழட்டினதும் நெத்தியில் சிவப்புத் தழும்பு எங்கே இருக்குன்னு பாருங்க. ஒரே இடத்தில் ஆழமா இருந்தா உள்பட்டை அங்கே சாஞ்சிருக்கு. எதிர்ப்பக்கம் 2 மி.மீ. ஃபோம் ஒரு துண்டு வெச்சா சமமாயிடும்.

முடிச்சதும் உள்பக்கத்தைத் துணியால் துடைச்சு ஃபேனுக்கு அடியில் கவுத்து வைங்க. பிளாஸ்டிக் பையில் கட்டிட்டீங்கன்னா இந்த மழையில் ரெண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.